பேர் சொல்லாதது

ராத்திரியில் வசம்பு என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பார் பாட்டி. 'பேர் சொல்லாதது' என்றுதான் சொல்ல வேண்டுமாம். திருவட்டாற்றில் எங்கள் வீட்டு உரைகல்லுக்கு என் அம்மாவைவிட வயது அதிகம், அதில் உரசிய வசம்பைக் குடித்து வளர்ந்தவள்தான் நானும்.

மகளுக்கு 52 நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் விடாமல் அழுது கரைந்தாள். "வயிறு பொருமிக் கிடக்கு மக்களே, ஒரு உரை கொடுத்தா சரியாவும்" என்று பாட்டி வசம்பை எடுத்துவிட்டார். முறைப்படி விளக்கெண்ணெய்த் திரியில் கரியாகும் வரை சுட்டு, தாய்ப்பாலில் ஒரே ஒரு உரை. அன்றைக்குக் கரண்ட் இல்லை, அவசரம் வேறு, பாதி சுட்டும் சுடாததுமாக மூன்று நாலு தடவை உரசிவிட்டார். அரை மணி நேரத்தில் பிள்ளை வாந்தி எடுத்தாள், அப்புறம் எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தாள். தக்கலைக்கு ஆட்டோவில் ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "உரை மருந்து ஏதாவது கொடுத்தீங்களா?" என்பதுதான். ராத்திரி முழுக்க அங்கேயே வைத்துப் பார்த்தார்கள், விடியும்போது பால் குடித்தாள்.

வாந்திக்கு வசம்புதான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அளவு கூடினால் வசம்பு குமட்டி வாந்தி வரவைக்கும் என்பது நாட்டு வைத்தியத்துக்கே தெரிந்த விஷயம், வாந்தி எடுக்க வைக்கவே அதைக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. நம்மூர் வசம்பு எண்ணெயில் பெரும்பங்கு பீட்டா அசரோன் என்கிற பொருள். அந்த எண்ணெயைத் தீனியில் கலந்து கொடுத்த எலிகளுக்குக் குடலில் கட்டி வந்ததால் 1968லேயே அமெரிக்காவில் உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். ஐரோப்பிய வசம்பில் இது குறைவு, அமெரிக்காவுக்கே உரிய வகையில் இல்லவே இல்லை. அதனால் வெளிநாட்டுக்காரன் வசம்பு டீ குடிக்கிறான் என்று வீடியோவில் காட்டுவதை நம்பி இங்கே ஆரம்பிக்காதீர்கள். எலிக்குக் கொடுத்த அளவு வேறு, ஒரு உரை வேறு, சரிதான். சுடும்போது எண்ணெய் கொஞ்சம் போகவும் செய்யும். எவ்வளவு மிச்சம் என்று யார் அளந்து பார்த்தார்கள்?

பாட்டி மேல் எனக்குக் கோபமில்லை. நாட்டு மருந்து விற்கும் அங்காடி மருந்துக் கடையில் வசம்பு வாங்கியபோது "பிள்ளைக்கு" என்று சொல்லித்தான் வாங்கினேன், எத்தனை மாசம் என்றுகூடக் கேட்காமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்களே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று தடுப்பூசி போடப் போகும்போதெல்லாம் சொன்னார்கள், மருந்து அந்த 'எதுவும்' கணக்கில் வராது என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். சித்த மருந்தே வேண்டும் என்றால் படித்த சித்த மருத்துவரிடம் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உள்ளுக்கு வேண்டாம், கையிலாவது கட்டு என்று பாட்டி வசம்பு வளையல் கோத்துக் கொடுத்தார். மகள் கையை வாயில் வைக்க ஆரம்பித்ததும் அதையும் கழற்றிவிட்டேன். இப்போது அரிசிப் பானைக்குள் கிடக்கிறது, வண்டு எட்டிப் பார்க்கவில்லை.