23 நிமிடம் பின்தங்கிய கடிகாரம்: சிசிடிவி பதிவைச் சாட்சியமாக ஒப்படைத்த அனுபவம்

சென்னைப் புறநகரில் 96 வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பின் நலச்சங்கச் செயலாளராக நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, 2025 ஆகஸ்டில் ஒரு நாள் விடியற்காலை, பி பிளாக் வாகன நிறுத்துமிடத்திலிருந்து ஒரு புல்லட் வண்டி காணாமல் போனது. வாடகைக்குக் குடியிருந்த ஓர் இளைஞரின் வண்டி, தவணைகூட முடிந்திருக்கவில்லை. பதினாறு கேமராக்கள் இருக்கும் இடத்தில் திருடன் எப்படித் தப்புவான் என்றுதான் அன்று காலை நான் உட்பட எல்லோரும் பேசிக்கொண்டோம். கேமராவில் ஒரு காட்சி பதிவாகியிருப்பது வேறு, அது வழக்கில் நிற்பது வேறு என்பது அடுத்த சில வாரங்களில்தான் எனக்கு விளங்கியது.

கேமராக்கள் எங்கள் வளாகத்துக்கு வந்ததற்கும் காவல்துறையே ஒரு வகையில் காரணம். 2017க்குப் பிறகு, ஏ.கே. விஸ்வநாதன் சென்னைக் காவல் ஆணையராக இருந்த காலத்தில், ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் குடியிருப்புகளும் கடைகளும் தங்கள் செலவில் கேமரா பொருத்த வேண்டும் என்று காவல்துறை வீதிவீதியாகக் கேட்டுக்கொண்டது. எங்கள் பொதுக்குழுவுக்கும் ஓர் உதவி ஆய்வாளர் வந்து பேசினார். ஒரு கேமராவையாவது தெருவைப் பார்த்து வையுங்கள் என்பது அவருடைய வேண்டுகோள். அப்போது சிலர் முணுமுணுத்தார்கள். வண்டி எந்தத் திசையில் போனது என்று இந்த வழக்கில் காட்டியது அந்த ஒரு கேமராதான்.

காலை ஏழு மணிக்கு நானும் பொருளாளரும் மின்மீட்டர் அறையில், கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் கருவியான டிவிஆரின் முன் உட்கார்ந்தோம். திரையில் 2:41 என்று காட்டிய நேரத்தில், முகமூடி அணிந்த இருவர் வண்டியை எஞ்சினை இயக்காமல் தள்ளிக்கொண்டு வாயிலைக் கடந்தார்கள். காவலாளியின் நாற்காலி காலியாக இருந்தது. பொருளாளர் தம் கைப்பேசியால் அந்தத் திரையைப் படமெடுத்து உடனே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்த அரை நிமிடக் காணொளி செய்த சேதத்தைச் சொல்லியாக வேண்டும்.

இரவுக் காவலாளி திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த, அறுபதைத் தாண்டிய ஒருவர். அவருடைய பதிவேட்டில், ‘3.00 மோட்டார் ஆன். 3.15 கேட்’ என்று கோணல்மாணலான எழுத்தில் இருந்தது. இரண்டே முக்கால் மணிக்கு நாற்காலியில் இல்லாதவர், மூன்று மணிக்குத்தான் எழுந்து போனதாக எழுதியிருக்கிறார் என்றால் அது பொய்தானே என்று குழுவில் ஒருவர் கேட்டார். திரை மூன்று மணி காட்டும் இடத்தைப் பார்த்தால், மோட்டார் அறையில் இருந்திருக்க வேண்டியவர் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மதியத்துக்குள் ‘திருடனுக்கு உள்ளாள்’ என்ற முடிவுக்குக் குழு வந்துவிட்டது. காவல் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் ஒரு கேள்வியும் கேட்காமல் அவரை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார். நானும் தடுக்கவில்லை.

வண்டிக்காரர் புகார் கொடுத்த அன்று அவருக்குக் கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே. அது புகார் வந்ததற்கான ஒப்புகை. முதல் தகவல் அறிக்கை ஆகாது, காப்பீட்டு நிறுவனமும் அதை ஏற்காது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கான 303(2) பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிவாக மேலும் நான்கு நாட்களும் மூன்று நடைகளும் ஆயின. அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்வதை நினைவூட்டிய பிறகு தயக்கமின்றிக் கொடுத்தார்கள். இந்தத் தாமதம் எரிச்சலூட்டியது மட்டுமல்ல, எங்கள் டிவிஆரின் நினைவகம் 14 நாட்களுக்கு மட்டுமே தாங்கும் என்பதால் ஆபத்தாகவும் இருந்தது. பதினைந்தாம் நாள் பதிவு முதல் நாள் பதிவின்மேல் எழுதிவிடும்.

கேமரா இருந்தும் பதிவு இல்லாமல் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், வன்வட்டில் போதிய இடம் இருந்தும் பதிவுகள் அன்றன்றே தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைத் தம் அறிக்கையில் குறிப்பிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் கேமராப் பதிவுகள் 18 மாதங்கள், இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எங்களைப் போன்ற குடியிருப்பை அந்த உத்தரவு கட்டுப்படுத்தாது. இருந்தாலும், பதினாறு கேமராக்களுக்கு 2 டெராபைட் போதும் என்று கணக்குப் பார்த்து ஒப்புக்கொண்ட குழுவில் நானும் இருந்தேன்.

முதல் தகவல் அறிக்கைக்குப் பிறகு குற்றப்பிரிவு உதவி ஆய்வாளர் அதே நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவின் கீழ் எழுத்துமூலம் பதிவைக் கோரினார். நேரில் வந்தவர் காட்சியை ஓட்டச் சொல்லவில்லை. முதலில் தம் கைப்பேசியை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். கைப்பேசி 11:50 என்றது. டிவிஆர் 11:27 என்றது.

அந்த அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. 23 நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தால் வண்டி வெளியேறியது 3:04க்கு. திரை 2:37 காட்டும்போது கிழவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறார். உண்மையான நேரம் மூன்று மணி. 2:52 காட்டும்போது திரும்பி வந்து உட்காருகிறார், உண்மையில் 3:15. அவர் பதிவேட்டில் எழுதியது நிமிடம் பிசகாமல் சரியாக இருந்தது. தவறான நேரம் காட்டியது நாங்கள் பதினான்கு மாதங்களாக ஒருமுறைகூடச் சரிபார்க்காத இயந்திரம். இன்னொன்றும் தெரிந்தது: முதல் நாள் ஒரு காவலர் எங்கள் திரை நேரத்தை நம்பி, பிரதான சாலையிலுள்ள பெட்ரோல் பங்கின் பதிவை 2:40 முதல் 3 மணி வரை பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பியிருந்தார். இப்போது மறுபடி பார்த்தபோது 3:09க்கு வண்டி அங்கே தெரிந்தது.

உடன் வந்திருந்த கேமரா தொழில்நுட்பர் நல்லெண்ணத்தோடு கடிகாரத்தை உடனே திருத்தப் போனார். உதவி ஆய்வாளர் அவர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். கைப்பேசியும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி புகைப்படம் எடுத்து, வித்தியாசத்தை மகஜரில், அதாவது கண்டதையும் கைப்பற்றியதையும் காவல்துறை எழுதிவைக்கும் ஆவணத்தில், எழுதிய பிறகே திருத்தம் செய்யலாம். முன்னதாகத் திருத்தினால் அந்த 23 நிமிடம் வெறும் வாய்ப்பேச்சாகிவிடும். இதே நிலையில் இருக்கும் எவருக்கும் நான் சொல்லக்கூடியவற்றில் முதலாவது இதுதான்.

அடுத்தது சான்றிதழ். 2024 ஜூலை 1 முதல் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது இணைக்கும் பழைய 65பி சான்றிதழ் இப்போது 63(4) சான்றிதழ். அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, மூலக் கருவியையே நீதிமன்றத்தில் நிறுத்தினால் சான்றிதழ் வேண்டாம். நகல் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம். டிவிஆரையே கொடுத்துவிட்டால் வழக்கு முடியும்வரை குடியிருப்பு கண்ணில்லாமல் இருக்க வேண்டும். ஆகவே நகலும் சான்றிதழும் என்று முடிவாயிற்று.

புதிய பென்டிரைவ் இரண்டு வாங்கி, மூன்று கேமராக்களின் பதிவை, திரையைப் படமெடுக்காமல், டிவிஆரின் சொந்தக் கோப்பு வடிவிலேயே, அதை ஓட்டும் மென்பொருளோடு சேர்த்து எடுத்தோம். பறிமுதலைக் காவலர் ஒருவர் காணொளியாகப் பதிவுசெய்தார். பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் மதிப்பு கணக்கிட வேண்டியிருந்தது. இது கோப்பின் கைரேகை போன்றது: எஸ்ஹெச்ஏ-256 முறையில் 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரி கிடைக்கும். விண்டோஸ் கணினியிலேயே இருக்கும் சர்ட்யூட்டில் கட்டளை போதும். தனி மென்பொருள் தேவையில்லை. சந்தேகத்துக்காக வீட்டில் சோதித்துப் பார்த்தேன். கோப்பின் பெயரை மாற்றினால் அந்த வரி மாறவில்லை. காட்சியில் ஒரு நொடியை வெட்டினால் முழுவதும் வேறாகிவிட்டது. குழுவில் சுற்றிய வாட்ஸ்அப் காணொளி ஏன் எதற்கும் உதவாது என்பது அப்போது உறைத்தது.

சான்றிதழின் பகுதி ‘அ’வை நான் நிரப்ப வேண்டும், நிபுணர் நிரப்பும் பகுதி ‘ஆ’வைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகக் காவல் நிலையத்தில் சொன்னார்கள். கருவியின் வகை, தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண் எல்லாம் கேட்கிறார்கள். வரிசை எண் டிவிஆரின் அடிப்பக்கம் இருந்தது. ஒட்டடையையும் ஒரு செத்த பல்லியையும் துடைத்த பிறகே படிக்க முடிந்தது. கருவி என்னுடைய உடைமையா, பராமரிப்பா, நிர்வாகமா, இயக்கமா என்ற கேள்விக்கு ‘நிர்வாகம்’ என்பதைக் குறித்தேன். கையெழுத்திட்ட நேரத்தைக்கூட 24 மணி முறையில், 16:40 என்று எழுத வேண்டும்.

சிக்கல் ஒரே ஒரு வாசகத்தில் வந்தது. கருவி அந்தக் காலத்தில் சரியாக இயங்கியது, அப்படி இயங்காதிருந்தாலும் அது பதிவின் துல்லியத்தைப் பாதிக்கவில்லை என்று நான் உறுதிமொழியாகச் சொல்ல வேண்டும். நேரத்தைத் தவறாகக் காட்டிய கருவிக்கு இதை எப்படி எழுதுவது? நிலைய எழுத்தர், “எல்லாரும் இப்படித்தான் சார் போடுறாங்க, கையெழுத்துப் போடுங்க” என்றார். படிவத்தில் ‘பிற தொடர்புடைய தகவல்’ என்ற இடத்தில், கடிகாரம் 23 நிமிடம் பின்தங்கியிருந்ததையும் அது மகஜரில் பதிவாகியிருப்பதையும் காட்சிகளின் வரிசை அதனால் மாறவில்லை என்பதையும் சேர்த்த பிறகே கையெழுத்திட்டேன். எழுத்தருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் குறுக்கு விசாரணையில் கூண்டில் நிற்கப்போவது அவரல்ல, நான். உதவி ஆய்வாளர் படித்துப் பார்த்துவிட்டு, இப்படியே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டார்.

வண்டி நாற்பது நாட்களுக்குப் பிறகு ஒரு ரயில் நிலைய வாகன நிறுத்தத்தில், எண் பலகை இல்லாமல் கிடைத்தது. இருவரில் ஒருவர் பிடிபட்டார். வண்டிக்காரர் நீதிமன்றத்தில் மனு போட்டு, பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்து வண்டியை இடைக்காலமாகப் பெற்றுக்கொண்டார்.

காவல் நிறுவனத்தின் கணக்கையும் அதற்குள் பார்த்திருந்தோம். தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005இன்படி உரிமம் இருந்தது. கேட்டதும் நகல் தந்தார்கள். மத்திய அரசின் மாதிரி விதிகள் ஒரு காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கின்றன. அதற்கான சான்றைக் கேட்டபோது மட்டும் மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. ஒப்பந்தப்படி இரவில் இருவர் இருக்க வேண்டும்; சம்பவத்தன்று ஒருவரே இருந்தார். அந்த ஒருவரையும் மூன்று மணிக்கு வாயிலை விட்டு மோட்டார் அறைக்குப் போகச் சொன்னது நிறுவனமல்ல. பிளம்பருக்குத் தரும் இரவுக் கூலியை மிச்சப்படுத்த எங்கள் சங்கம் போட்ட ஏற்பாடு அது. தீர்மானத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

நேர வித்தியாசத்தைக் குழுவில் விளக்கமாக எழுதினேன். 96 வீடுகளில் நான்கு பேர் பதில் போட்டார்கள்.

அந்தப் பெரியவரை ஒரு கிடங்கின் வாசலில் தேடிப் பிடித்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாட்சியாக அவருக்கும் சம்மன் வரலாம் என்று சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் எழுதுன அந்த நோட்டு அப்படியே இருக்கா சார்?”

போலீஸ் மகஜர் போட்டு எடுத்துக்கொண்டது, ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல் என்னிடம் இருக்கிறது என்றேன்.

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற லாரிக்குக் கதவைத் திறக்கப் போனார்.