ஸ்லைடில் தெரியும் சீழ்

பாம்பன் பக்கத்தில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வரும் பெண்களில் பலர் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். பாறையில் ஒட்டிக் கிடக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கிப் பிடுங்கி விரலெல்லாம் கீறல். துணி சுற்றிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குகிறார்கள். அப்படியும், ரத்தம் எடுக்க விரலைப் பிடித்தால் வடு இல்லாத இடமாகத் தேட வேண்டியிருக்கும்.

விரல் புண்ணை யாரிடமும் காட்டுவார்கள். வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்றால் மட்டும் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு கடைசி ஆளாக வந்து நிற்பார்கள். அப்படி வந்த ஒரு அம்மா, ரிசல்ட்டில் சீழ் இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கர்ப்பப்பை அழுகிவிட்டது என்றே நினைத்து அழுதுகொண்டிருந்தார். "உள்ள எல்லாம் போச்சா தாயி?" என்றார். நான் அவரை உட்காரவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். சாயம் ஏறிய ஸ்லைடில், மூன்று நான்கு துண்டாகப் பிரிந்த உட்கருவோடு வட்ட வட்டமாக அணுக்கள். "இது அழுக்கு இல்லம்மா. உங்க ரத்தத்துல இருந்து காவலுக்கு வந்த அணுக்கள்தான் இது."

அவற்றுக்கு நியூட்ரோஃபில் என்று பெயர். கிருமி நுழைந்ததும் ரத்தக் குழாயிலிருந்து முதலில் ஓடிவருபவை. கிருமியை விழுங்கும், நொதிகளைக் கொட்டும், முடியாத கட்டத்தில் தன் டிஎன்ஏவையே வலையாக வீசிப் பிடிக்கும். போன இடத்தில் ரொம்ப நேரம் உயிரோடு இருக்காது. அப்படி மடிந்தவைதான் சீழில் பெரும்பகுதி.

அதற்கு அடுத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. செத்த நியூட்ரோஃபில்களை மேக்ரோபேஜ் என்கிற பெருவிழுங்கி அணுக்கள் தின்று தீர்க்கின்றன. தின்ற பிறகு அவற்றின் குணமே மாறுகிறது. சண்டைக்கு ஆள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, புது ரத்தக் குழாய் முளைக்கவும் தோல் மூடவும் வேண்டிய சமிக்ஞைகளை அனுப்ப ஆரம்பிக்கின்றன. களத்தைக் கூட்டிப் பெருக்குகிற வேலையிலேயே வீடு கட்டுகிற வேலையும் தொடங்கிவிடுகிறது.

இப்படி விழுங்கும் அணுக்களை 1882இல் மெட்ச்னிகாஃப் என்கிற விஞ்ஞானி கண்டுகொண்டது ஒரு நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில். இத்தாலியின் மெஸ்ஸினா கடற்கரையில், கண்ணாடிபோல் இருந்த அந்தக் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. 1908இல் நோபல் பரிசு வந்தது. எங்கள் கரையில் நட்சத்திர மீன் வலையில் சிக்கினால் தூக்கி எறிந்துவிடுவார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே இது ஞாபகம் வரும்.

கர்ப்பப்பையின் உள்சுவர் மாதாமாதம் உதிர்ந்து, ரத்தப்போக்கு முழுதாக நிற்பதற்குள்ளேயே புதுத் தோல் மூட ஆரம்பித்துவிடுகிறது. வடு விழுவதில்லை. பாசி பிடுங்கிய விரலுக்கு இல்லாத வரம் அது. கரு தங்கிய முதல் மூன்று மாதங்களிலும், அங்கே திரளும் இயற்கைக் கொல்லி அணுக்கள் என்கிற வெள்ளை அணுக்கள் பெயருக்கு ஏற்றபடி கொன்றுகொண்டிருப்பதில்லை. குழந்தைக்கு ரத்தம் தாராளமாகப் போகத் தாயின் ரத்தக் குழாய்களை அகலப்படுத்தித் தருகின்றன.

ஆனால் கருக்குழாய் அப்படி இல்லை. மெல்லிய வழி. உள்ளே நுண்ணிய ரோமங்கள் அசைந்து அசைந்து முட்டையைக் கர்ப்பப்பை நோக்கி நகர்த்துகின்றன. உடலுறவில் தொற்றும் கிளமிடியா போன்ற கிருமி அந்தச் சுவரின் அணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். பல பெண்களுக்கு வலிகூட இருக்காது. கிருமி போகாதவரை நியூட்ரோஃபில்கள் வந்துகொண்டே இருக்கும், கொட்டுகிற நொதி நம் திசுவையும் அரிக்கும். ரோமங்கள் உதிர்ந்து, அந்த இடத்தில் நார் படிந்து வடுவாகும். அதன் பிறகு எந்த மருந்தும் அந்த வடுவை அழிக்காது.

பாசிக்குப் போகும் இளம்பெண் ஒருத்தி அடிவயிற்று வலியோடு வந்தாள். இந்த மாதிரித் தொற்றுக்கு அரசு தரும் மஞ்சள் பெட்டி மாத்திரை, 14 நாள். நான் ரிசல்ட்டை எழுதிக் கொடுத்ததோடு சரி. ஒரு வருடம் கழித்து, கருக்குழாயிலேயே கரு தங்கி அது வெடித்து, ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டாள். பார்க்கப் போனபோது, "அஞ்சாம் நாளே வலி விட்டுப்போச்சுக்கா. அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றாள். அதுதான் காரணம் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் வலி நிற்பது வேறு, உள்ளே வேலை முடிவது வேறு என்று அன்றைக்கு நான் அவளிடம் சொல்லவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

இப்போது சொல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை. வீட்டுக்காரரும் வந்து மருந்து சாப்பிட வேண்டும், இல்லையென்றால் கிருமி திரும்ப வரும் என்பதையும் டாக்டரம்மாவோடு சேர்ந்து நானும் சொல்கிறேன். 14 நாள் என்றால் பலருக்கு மனதில் நிற்பதில்லை. கடலுக்குப் போகிறவர்களுக்கு நிலா தெரியும். அதனால் அமாவாசைக்கு மறுநாள் தொடங்கினால் பௌர்ணமிக்கு முதல் நாள் வரை என்று சொல்லிப் பார்த்தேன். போன வாரம் ஒரு அக்கா மாத்திரை அட்டையை மடியில் செருகிக்கொண்டே, "இன்னிக்கு அஞ்சாம் பிறை. அப்ப பௌர்ணமி தாண்டியும் மூணு நாள் இருக்கு" என்று எனக்கு முன்னால் கணக்குப் போட்டுவிட்டார்.