அம்பாசிடர் பிளக்கைச் சுற்றி எண்ணெய்

1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரின் ஸ்பார்க் பிளக்குகளைச் சுற்றி எண்ணெய் கசிந்து கிடந்தால், ‘ரிங் போச்சு, ஹெட்டை இறக்கணும்’ என்று பட்டறையில் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றிய வளையம், ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி. அவற்றில் கைவைக்க அவசரமே இல்லை. முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கழற்றுமுன் அந்தக் குழியில் காற்றடித்துவிடுவது முக்கியம். எண்ணெயில் ஒட்டிய மண் சிலிண்டருக்குள் விழுந்தால் இல்லாத கோளாறும் வந்து சேரும்.

வெள்ளைப் பீங்கானிலும் ஸ்பேனர் பிடிக்கும் தலையிலும் மட்டும் பிசுக்கு இருந்தால் அது வெளிக்கசிவு. எரிமுனை கறுத்து எண்ணெய் ஈரமாக இருந்தால்தான் உள்ளே பார்க்க வேண்டும். ஈரத்தை முகர்ந்தும் பார்த்துவிடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அந்த பிளக் எரியவே இல்லை, அவ்வளவுதான்.

இந்த எஞ்சினில் நான்கு பிளக்குகளும் ஹெட்டின் ஒரே பக்கத்தில், டேப்பட் கவருக்கு (ஹெட்டின் மேலுள்ள தகர மூடி) கீழே வரிசையாக நிற்கின்றன. கவருக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள கார்க் பேக்கிங்கில் கசியும் சொட்டு நேராக அவற்றின் மேல்தான் இறங்கும். கவரைப் பிடித்திருப்பவை மேலே உள்ள இரண்டே நட்டுகள். கசிகிறதே என்று அவற்றை இறுக்குவதுதான் பெரும்பாலும் நடக்கிற தப்பு. கார்க் பிதுங்கிக் கிழியும், தகர விளிம்பு வளையும், கசிவு இன்னும் கூடும். கவரைக் கழற்றி, கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்தால் வளைவு தெரிந்துவிடும். மரக்கட்டையில் வைத்து மெல்லத் தட்டி நிமிர்த்திவிட்டுப் புதுப் பேக்கிங் போடலாம். நட்டுக்கு மணிக்கட்டு இறுக்கமே போதும். அதனடியில் உள்ள ரப்பர் வாஷர் கல்லாகியிருந்தால் எண்ணெய் அங்கிருந்தும் வழியும்.

கசியும் இடம் பிடிபடவில்லையா? ஆறிய எஞ்சினைத் துடைத்துக் காயவிட்டு, முகப்பவுடரை மெல்லிதாகத் தடவி, பத்து நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள். பவுடரில் விழும் ஈரக்கோட்டின் மேல்நுனியைத் தேடுங்கள். விசிறிக் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும் என்பதால், கறை இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால்தான் ஊற்று இருக்கும்.

புதுப் பேக்கிங்கும் சில வாரங்களில் கசிந்தால் எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அது சகதியால் அடைபட்டிருந்தால் உள்ளே ஏறும் காற்றழுத்தம் எந்தப் பேக்கிங்கையும் தள்ளிவிடும்.

எரிமுனையே எண்ணெயில் நனைந்திருந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், எவ்வளவு என்று அளந்து பாருங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டபின் அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை தள்ளினால், வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வ் கைடும் அதன் சீலும்தான் சந்தேகத்துக்குரியவை.

பீங்கான் உலோகத்தைத் தொடும் இடத்தில் பழுப்பு வளையம் ஒன்று தெரியும். அது கசிவல்ல, உயர்மின்னழுத்தம் இழுத்து ஒட்டவைத்த தூசு. அதைப் பார்த்துவிட்டு நல்ல பிளக்குகளைத் தூக்கி எறிபவர்கள் உண்டு.