எந்தப் போறதைக் கேக்குற?

தனுஷ்கோடியில் கிராமியச் சுற்றுலா ஆய்வுக்கு மூன்றாவது நாள். படிவத்தில் 'இடம்பெயர்வு' என்று ஒரு கட்டம். கடையில் சூடை மீன் வறுத்துக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். கரண்டியை எண்ணெய்க்கு மேலேயே நிறுத்திவிட்டு, "எதைக் கேக்குற தம்பி? 64 புயல்ல எங்க மாமியா ராமேஸ்வரம் போனதையா, எங்க வீட்டுக்காரரு சவுதிக்குப் போனதையா?" என்றார். என் கட்டத்தில் ஒரு வரிக்குத்தான் இடம்.

2017இல் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை சாலை வந்தது. அதற்கு முன் மணலில் வேன்தான். வேன்காரர் நிறுத்தும் இடத்தில் வியாபாரம். இப்போது கார்கள் நேரே முனைக்குப் போய், செல்ஃபி எடுத்து, திரும்புகிற வழியில் இடிந்த தேவாலயத்தில் நின்றால் உண்டு. 'கிராமியச் சுற்றுலா' என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதில் பாதி, கார் கண்ணாடி இறங்குமா இறங்காதா என்பதுதான்!

கடைக்குப் புதுக் கீற்று சவுதிப் பணத்தில் வேய்ந்ததாம். சூடைக்குக் காசு வாங்கவில்லை.