ஹவர்ட் குக்: ஜமைக்காவின் கிராமத்துத் தலைமையாசிரியர்

சர் ஹவர்ட் குக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1991 ஆகஸ்ட் 1 முதல் 2006 பிப்ரவரி வரை ஜமைக்காவின் கவர்னர் ஜெனரல் (அரசியின் பிரதிநிதி), அதற்கு முன்பு அமைச்சர், செனட் தலைவர் என்று பட்டியல் போகும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, போர்ட்லண்ட் பேரிஷில் (பேரிஷ் என்றால் அங்கே மாவட்டம் மாதிரி) பெல் காசில் என்ற சின்ன ஊரில் அவர் தலைமையாசிரியராக இருந்த காலம். ஆசிரியர், ஊர்ப் பெரியவர், உபதேசியார் என அவருக்கு மூன்று முகங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து ஜமைக்கா கிராமத்தில் இவை மூன்றும் சேர்ந்து ஒரே உத்தியோகம். ஊரில் அவருக்குப் பெயர்கூடக் கிடையாது. 'டீச்சர்' என்றால் ஒரே ஆள்தான்.

அவர் பிறந்தது 1915 நவம்பர் 13 அன்று, செயின்ட் ஜேம்ஸ் பேரிஷில் உள்ள குட்வில் கிராமத்தில். ஜமைக்காவில் 'விடுதலைக் கிராமம்' என்று ஒரு வகை உண்டு, குட்வில் அதில் ஒன்று. 1838 ஆகஸ்ட் 1 அன்று அடிமைகள் முழு விடுதலை பெற்றபோது அவர்களிடம் நிலம் இல்லை. குடியிருந்த குடிசையும் காய்கறி பயிரிட்ட துண்டு நிலமும் தோட்ட முதலாளிக்குச் சொந்தம். முதலாளி வாடகையை ஏற்றுவார், கூலியைக் குறைப்பார், எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்யச் சொல்வார். சுதந்திரம் காகிதத்தில் இருந்தது, தலைக்கு மேல் கூரை இல்லை. இதற்கு மிஷனரிகள் கண்ட வழி எளிது. விற்பனைக்கு வரும் எஸ்டேட்டை மொத்தமாக வாங்கினார்கள். சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்தார்கள். சபை மக்களுக்குத் தவணையில் விற்றார்கள். 1835லேயே பாப்டிஸ்ட் போதகர் ஜேம்ஸ் ஃபிலிப்போ ஸ்லைகோவில்லில் இதற்காக நிலம் வாங்கிவிட்டார். மற்ற மிஷன்களும் பின்னால் வந்தன. இப்படி உருவான ஊர்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஊரோடு சேர்ந்தே எழுந்தன. பல இடங்களில் இரண்டுக்கும் ஒரே கட்டடம்: வார நாளில் பலகை பெஞ்சில் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை அதே பெஞ்சில் அவர்களுடைய பெற்றோர்.

இங்கிருந்து ஒரு ஏழைப் பையன் ஆசிரியராவதற்கு இருந்த பாதை நீளமானது. உயர்நிலைப் பள்ளி அவனுக்கு எட்டாது. தொடக்கப் பள்ளி முடிகிற வயதில் கெட்டிக்காரப் பிள்ளையைத் தலைமையாசிரியர் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வார். பகலில் அவன் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்துவான். பள்ளி தொடங்குவதற்கு முன்போ முடிந்த பிறகோ அவனுக்குத் தலைமையாசிரியர் பாடம் எடுப்பார். இப்படிப் படித்து 'ஜமைக்கா லோக்கல்' என்ற தேர்வின் முதலாம், இரண்டாம், மூன்றாம் கட்டங்களைத் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பயிற்சிக் கல்லூரியின் வாசல். தன் பள்ளியிலிருந்து எத்தனை பேர் அந்தத் தேர்வுகளில் தேறினார்கள் என்பதை வைத்தே தலைமையாசிரியரின் மதிப்பை ஊர் அளந்தது.

இந்த ஏற்பாட்டில் குறை எது என்பதும் தெளிவு. சின்ன வகுப்புகளில் இருந்ததோ மிக அதிகமான பிள்ளைகள், அவர்களுக்குக் கிடைத்ததோ மிகக் குறைந்த அனுபவமுள்ள ஆசிரியர். பதினைந்து வயதுப் பையனுக்குத் தெரிந்த ஒரே முறை, தான் படித்த முறை: எல்லோரும் கோரஸாகச் சொல்வது, பிரம்பு, மனப்பாடம். ஒரே நீளக் கூடத்தில் நான்கைந்து வகுப்புகள், நடுவே மறைப்புக்குக் கரும்பலகை. ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது பக்கத்து வகுப்பு எதையும் கேட்க முடியாது. பின்தங்கிய பிள்ளை பல ஆண்டுகள் கோரஸில் வாயசைத்துவிட்டுப் படிக்கத் தெரியாமலே வெளியே போக முடிந்தது.

குக் சேர்ந்தது கிங்ஸ்டனில் உள்ள மைக்கோ கல்லூரியில். அதன் பின்னணி விசித்திரமானது. லேடி ஜேன் மைக்கோ என்ற லண்டன் சீமாட்டி 1670இல் எழுதிய உயிலில் 1,000 பவுண்டு ஒதுக்கியிருந்தார். வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரிடம் அடிமையாக மாட்டிக்கொண்ட ஏழைக் கிறிஸ்தவர்களை மீட்பதற்கான பணம் அது. மீட்க வேண்டிய தேவை குறைந்தது, பணம் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. 1830களில் அது ஏறக்குறைய 1,20,000 பவுண்டு. அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட தாமஸ் ஃபோவல் பக்ஸ்டன், இந்தப் பணத்தைக் கரீபியனில் விடுதலையாகும் அடிமைகளின் கல்விக்குத் திருப்பினார். 1836 வாக்கில் தொடங்கிய அந்தக் கல்லூரி, ஜமைக்காவின் கறுப்பின ஏழைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் இடத்தில் இருந்தது. 'மைக்கோ ஆள்' என்றால் கணக்கு தெரிந்தவர், மேடையில் பேசத் தெரிந்தவர், பாட்டு நடத்தத் தெரிந்தவர் என்று அர்த்தம்.

படிப்பு முடித்த குக் முதலில் மைக்கோவோடு சேர்ந்த பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தினார். பிறகு பெல் காசில், போர்ட் அன்டோனியோ, மான்டிகோ பே என்று மூன்று ஊர்களில் தலைமையாசிரியர். 1939இல் திருமணம். மனைவி ஐவியும் ஆசிரியர்.

கிராமப் பள்ளியில் தலைமையாசிரியருக்குப் பெரிய தலைவலி வருகைப் பதிவேடு. 1867இல் அரசு கொண்டுவந்த 'தேர்ச்சிக்கு ஏற்ற சம்பளம்' என்ற முறையில், ஆய்வாளர் வருகிற நாளில் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள், ஆண்டில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பொறுத்தே பள்ளிக்கான மானியம். மழை பெய்து ஆறு பெருகினால் ஆசிரியரின் வருமானம் குறையும். குக் ஆசிரியரானபோது அந்த முறை போய்விட்டது, ஆனால் பிள்ளைகள் வராததற்கான காரணங்கள் அப்படியே இருந்தன. வெள்ளிக்கிழமை வகுப்பு பாதி காலி, ஏனென்றால் சனிக்கிழமைச் சந்தைக்கு வேண்டிய கிழங்கையும் காயையும் தோண்டிப் பறித்துச் சுமக்க அன்றுதான் பிள்ளைகள் தேவை. போர்ட்லண்ட் போன்ற வாழைப் பகுதியில் கப்பல் வருகிற நாளிலும் இதே கதை. இந்தப் பெற்றோரைத் திட்டிப் பயனில்லை. குடும்பத்தின் வாரப் பணமே அந்த ஒரு நாளில்தான் இருந்தது. நல்ல தலைமையாசிரியர் முக்கியமான பாடங்களைத் திங்கள் முதல் வியாழனுக்குள் முடித்துவிட்டு, வீடு வீடாகப் போய்ப் பேசுவார். பதிவேட்டைச் சரியாக வைக்க ஊர்க்காரர்களின் வரவுசெலவே தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த சிக்கல் 'மேனேஜர்'. சபைப் பள்ளிகளில் ஆசிரியருக்குச் சம்பளம் அரசிடமிருந்து வரும், ஆனால் வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் பள்ளி மேனேஜர் கையில். மேனேஜர் என்றால் பெரும்பாலும் அந்தச் சபையின் போதகர். அவர் மூன்று நான்கு ஊர்ச் சபைகளைக் கவனிப்பவர், எல்லா ஞாயிறும் எல்லா ஊருக்கும் வர முடியாது. அதனால் ஆர்மோனியம் வாசிப்பது, பாடகர் குழுவைப் பழக்குவது, ஞாயிறு பள்ளி, போதகர் வராத வாரத்தில் பிரசங்கம் எல்லாம் தலைமையாசிரியர் தலையில். எழுதப்படாத ஒப்பந்தம் இது. மறுத்தால் வேலைக்கு ஆபத்து. ஆசிரியர்கள் 1894லேயே ஜமைக்கா ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கியதற்கு இந்த மாதிரி நிலையும் ஒரு காரணம். குக் பின்னாளில் அந்தச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

குக் சார்ந்திருந்த பிரெஸ்பிட்டீரிய (ஒரு புராட்டஸ்டன்ட்) மரபில் உபதேசியாரின் எல்லை எங்கே என்பது முக்கியம். ஜெபம் நடத்தலாம், வேதம் வாசித்துப் பிரசங்கம் செய்யலாம், நோயாளியைப் பார்க்கலாம். திருவிருந்தும் ஞானஸ்நானமும் மட்டும் அபிஷேகம் பெற்ற போதகர் கையால். ஊருக்கு உபதேசியார் மிகவும் தேவைப்படுவது சாவு வீட்டில். யாராவது இறந்தால் ஒன்பது நாள் உறவும் ஊரும் கூடும், கடைசி இரவு விடியும்வரை பாட்டு. 'சாங்கி' என்று ஊர் சொல்லும் அந்த ஞானப்பாட்டுகளுக்குப் புத்தகம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். எனவே ஒருவர் இரண்டு வரியை உரக்கச் சொல்ல, எல்லோரும் அதைப் பாட, அவர் அடுத்த இரண்டு வரிக்குப் போக வேண்டும். இதற்கு 'ட்ராக்கிங்' என்று பெயர். அவசரப்பட்டுச் சொன்னால் கூட்டம் வரியை விட்டுவிடும், தாமதித்தால் பாட்டு தொய்ந்துவிடும். படிக்கத் தெரியாதவர்களை ஒரே குரலாக நடத்திச் செல்லும் இந்தப் பழக்கம் ஜமைக்காவின் பொதுக்கூட்டப் பேச்சுக்கும் அடி என்று எனக்குத் தோன்றுகிறது.

பணமும் டீச்சரிடம் வரும். 'பார்ட்னர்' என்று அங்கே சொல்வது நம் ஊர்ச் சீட்டேதான், ஏலம் மட்டும் கிடையாது. பத்துப் பேர் வாரம் ஆளுக்கு 5 ஷில்லிங் போட்டால் 50 ஷில்லிங், அதாவது இரண்டரைப் பவுண்டு. ஒவ்வொரு வாரமும் ஒருவர் அதை மொத்தமாக எடுப்பார். கணக்கு வைப்பவருக்கு 'பேங்கர்' என்று பெயர். இது உடைவது ஒரே இடத்தில்: முதல் வாரங்களில் எடுத்தவர் பிறகு கட்டாமல் விட்டுவிடுவார். அதைத் தடுக்க நம்பிக்கை குறைந்தவருக்குக் கடைசி முறை கொடுக்க வேண்டும், அதையும் அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் தினம் பெயர் கூப்பிடுகிறவரை ஊர் இந்த வேலைக்கு நம்பியதில் ஆச்சரியமில்லை. 1895இல் தொடங்கிய ஜமைக்கா விவசாயச் சங்கத்தின் கிளைகளுக்கும் செயலாளராக டீச்சரைத்தான் பிடித்தார்கள். கூட்டக் குறிப்பும் விண்ணப்பமும் எழுத வேறு யார்?

1937இல் வழக்கறிஞர் நார்மன் மேன்லி வாழை நிறுவனங்களுடன் பேசி, ஏற்றுமதியாகும் ஒவ்வொரு குலைக்கும் ஒரு சென்ட் என்று வாங்கி 'ஜமைக்கா வெல்ஃபேர்' அமைப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஏற்றுமதியானது ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம் குலை, ஒரு சென்ட் சின்னத் தொகை இல்லை. கிராமத்தில் கூட்டுறவு, சத்துணவு, கைத்தொழில் என்று அது செய்யப் போன வேலைக்கு, ஏற்கெனவே ஊரைத் தெரிந்த ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஃப்ரோம் சர்க்கரை ஆலையில் வெடித்த கூலிப் போராட்டம் தீவு முழுக்கப் பரவியது. 1938 செப்டம்பரில் மேன்லியின் மக்கள் தேசியக் கட்சி பிறந்தது. தொடக்க உறுப்பினர்களில் ஒருவர் 22 வயது குக்.

வாசிக்கத் தெரிந்தவர் ஊருக்குத் தலைவராகும் இந்தக் கதையில் மான்டிகோ பே நகருக்கு ஒரு பழைய பங்கு உண்டு. 1831 கிறிஸ்துமஸ் காலத்தில் அடிமைகளின் வேலைநிறுத்தத்தைத் திட்டமிட்ட சாம் ஷார்ப் அங்கே பாப்டிஸ்ட் சபையின் மூப்பர். படிக்கத் தெரிந்தவர், செய்தித்தாளை மற்றவர்களுக்கு வாசித்துச் சொன்னவர், ஜெபக் கூட்டங்களை வைத்தே எஸ்டேட்டுக்கு எஸ்டேட் ஆள் சேர்த்தவர். 1832 மே 23 அன்று அதே நகரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வாசிக்கத் தெரிந்த சபை மூப்பர் ஊருக்குத் தலைவராவது குக் காலத்தில் தொடங்கிய வழக்கம் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அரசியலில் குக்கின் பாதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1958இல் மேற்கிந்தியக் கூட்டமைப்பின் (பிரிட்டிஷ் கரீபியன் தீவுகள் சேர்ந்த கூட்டாட்சி) நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 1961 வாக்கெடுப்பில் ஜமைக்கா விலகியதும் கூட்டமைப்பு கலைந்தது. 1962 முதல் செனட்டர், 1967 முதல் 1980 வரை செயின்ட் ஜேம்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர். நார்மனின் மகனும் பிரதமருமான மைக்கேல் மேன்லியின் அமைச்சரவையில் ஓய்வூதியம், பிறகு 1974இல் கல்வி, அதன்பின் தொழிலாளர் துறை.

கல்வித் துறையில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1973இல் மைக்கேல் மேன்லி இடைநிலைக் கல்வியும் பல்கலைக்கழகமும் இலவசம் என்று அறிவித்திருந்தார். 1974இல் ஜூனியர் இடைநிலைப் பள்ளிகளில் மேலும் இரண்டு வகுப்புகளைச் சேர்த்தார்கள். பிள்ளைகள் கூடினார்கள், கட்டடம் கூடவில்லை. விடையாக வந்தது ஷிஃப்ட்: ஒரு கூட்டம் காலையில், இன்னொரு கூட்டம் மதியம். இடம் கிடைத்தது, ஆனால் பாட நேரம் சுருங்கியது, விளையாட்டும் கைத்தொழிலும் முதலில் வெட்டுப்பட்டன. தற்காலிகம் என்று வந்த ஷிஃப்ட் சில பள்ளிகளில் பல பத்தாண்டுகள் நீடித்தது. கோரஸில் வாயசைத்து வளர்ந்த பெரியவர்களுக்காக 'ஜமால்' எழுத்தறிவு இயக்கமும் 1974இல் வந்தது. அந்தக் காலத்துச் சாதனைகளில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான்.

கவர்னர் ஜெனரல் பதவிக்கு அதிகாரம் குறைவு. 21 செனட்டர்களில் 13 பேரைப் பிரதமர் சொல்படியும் 8 பேரை எதிர்க்கட்சித் தலைவர் சொல்படியும் நியமிப்பார், சட்டத்துக்குக் கையெழுத்திடுவார். ஆயுள் முழுக்க ஒரே கட்சியில் இருந்தவர் எப்படிப் பொதுவானவர் ஆவார் என்ற கேள்வி நியாயமானது. குக் அதற்குச் செய்தது அவருக்குத் தெரிந்த பழைய வேலையை: பள்ளிகளுக்கும் சபைகளுக்கும் ஊர் ஊராகப் போனார், உபதேசியாராகவே பிரசங்கம் செய்தார். அவர் காலத்தில் தொடங்கிய கவர்னர் ஜெனரல் சாதனை விருது 14 பேரிஷ்களையும் தொடும்படி அமைந்தது. தாழ்ந்த நிலையிலிருந்து மேலே வந்து தன் ஊருக்கு உழைத்தவர்களைத் தேடிக் கொடுப்பது அதன் நோக்கம். 1962இல் பொதுவிடுமுறைப் பட்டியலிலிருந்து போன ஆகஸ்ட் 1, விடுதலை நாளாகத் திரும்பி வந்ததும் அவர் பதவியில் இருந்த 1997இல்தான்.

2006இல் பதவி விலகியபோது அவருக்கு 90 வயது. 2014 ஜூலை 11 அன்று, 98 வயதில் காலமானார்.