வசனத்தின் வாலைப் பிடியுங்கள்: தொடர் பார்த்துக் கொரியம் பேச

ரங்கூனில் கொரியத் தொடர் பார்க்காத வீடு குறைவு. அண்ணன் என்ற ‘ஒப்பா’வும் நேசிக்கிறேன் என்ற ‘சாராங்ஹே’யும் நம் பிள்ளைகள் வாயில் எப்போதோ ஏறிவிட்டன. கொரியாவுக்கு வேலைக்குப் போக இபிஎஸ் மொழித் தேர்வு எழுதுகிறவர்களும் நம்மில் உண்டு. அந்தத் தேர்வு வாசிக்கவும் கேட்கவும் தெரிகிறதா என்றுதான் முக்கியமாகப் பார்க்கும். பேச்சை வேறெங்காவதுதான் பிடிக்க வேண்டும். அதற்குத் தொடர்களைவிட நல்ல இடம் கிடையாது, பார்க்கும் முறை தெரிந்தால்.

கொரியத்தில் வினைச்சொல் நம் மொழியைப் போலவே கடைசியில் வரும். யார் யாரிடம் பேசுகிறார் என்பது அந்த வினையின் வாலில் இருக்கிறது. கூட்டாளியிடம் ‘பப் மொகொஸ்ஸொ?’ என்றால் சாப்டியா. கூட வேலை செய்பவரிடம் ‘பப் மொகொஸ்ஸொயோ?’ என்றால் சாப்டீங்களா. வயதில் பெரியவரிடம் ‘ஷிக்ஸா ஹஷ்யொஸ்ஸொயோ?’ என்று, சோறு என்ற ‘பப்’ சொல்லே மாறிவிடும். நமக்கு ‘ங்க’, பர்மியத்துக்கு ‘பா’, அவர்களுக்கு ‘யோ’. ஆகவே நோட்டில் வசனத்தை மட்டும் எழுதாதீர்கள். பக்கத்திலேயே சொன்னவர் யார், கேட்டவர் யார், இருவரில் மூத்தவர் யார், கோபமா கொஞ்சலா என்று குறியுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத வசனம் பட்டறையில் ஆபத்து. தொடரில் இருபது வயதுக்காரன் தோழனிடம் சொன்னதை முதலாளியிடம், அதாவது ‘ஸாஜாங்னிம்’மிடம், அப்படியே சொன்னால் முகம் மாறும்.

‘தாங்ஷின்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். அகராதி ‘நீங்கள்’ என்று பொருள் போட்டிருக்கும். தொடரில் அதைப் புருஷன் பெண்சாதியும் சண்டைக்காரர்களும்தான் அதிகம் சொல்வார்கள். வேலையிடத்தில் பெயரோடு ‘ஷி’ அல்லது பதவியோடு ‘னிம்’ போதும். நாம் பர்மியத்தில் ‘ஸயா’, அதாவது ஐயா, என்று கூப்பிடுவது போலத்தான்.

பர்மிய சப்டைட்டில் மறைக்கிற விஷயமும் உண்டு. பெண் அண்ணனை ‘ஒப்பா’ என்பாள், ஆண் ‘ஹ்யொங்’ என்பான். சப்டைட்டிலில் இரண்டும் ‘அகோ’தான். அக்காவுக்கும் இப்படியே: பெண் ‘ஒன்னி’, ஆண் ‘நூனா’. பர்மியத்தில் தம்பியை ஆண் ‘ஞீ’ என்றும் பெண் ‘மௌங்’ என்றும் சொல்வதை நினைத்துக்கொண்டால் சீக்கிரம் பிடிபடும்.

நமக்கு ஒரு பெரிய வசதி, துணைவினை. ‘மொகொ ப்வாயோ’ என்றால் சாப்பிட்டுப் பாருங்க. பர்மியத்தில் ‘ஸா ச்சி பா’. ‘ஹெ ஜுஸேயோ’ என்றால் செஞ்சு கொடுங்க; பர்மியத்தில் ‘லௌபே பா’. ‘கா பொர்யொஸ்ஸொ’ என்றால் போயிட்டான். மூன்று மொழியும் ஒரே வரிசையில் நடக்கின்றன. மனசுக்குள் தமிழில் நினைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே பாதி வாக்கியம் சரியாக வந்துவிடும்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துப் படிப்பது மட்டும் வேண்டாம். இங்கே வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். தீ, கொம்பு, புல் மூன்றுக்கும் கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் ‘புல்’தான். உண்மையில் கொம்பு மூச்சில்லாத இறுக்கமான ப, பர்மியப் ‘ப’வுக்கு அருகில். புல்லுக்கு மூச்சு சேர்ந்த ப, அதற்கும் பர்மியத்தில் தனி எழுத்து உண்டு. தீ தளர்ந்த ப. சோல் பேச்சில் தீயின் உயிரொலி தாழ்ந்தும் மற்ற இரண்டும் உயர்ந்தும் ஒலிக்கும். பர்மியத் தொனிக்குப் பழகிய காது இதைப் பிடித்துவிடும். கொரிய எழுத்தில் அடிப்படை மெய் 14, உயிர் 10. ஒரு வாரம் உட்கார்ந்தால் படித்துவிடலாம். அதைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு உச்சரிப்பு கடைசிவரை திருந்துவதில்லை.

இனிப் பார்க்கும் முறை. முழு எபிசோடை எடுக்காதீர்கள். சமையலறை, ஆபீஸ், கடை, இப்படி ஓரிடத்தில் இருவர் பேசுகிற நாற்பது விநாடிக் காட்சி போதும். முதலில் பர்மிய சப்டைட்டிலோடு, பிறகு எதுவும் இல்லாமல், பிறகு கொரிய சப்டைட்டிலோடு பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு வசனத்தையும் நடிகரோடு சேர்ந்தே சொல்லிப் போனில் பதிவு செய்து ஒப்பிடுங்கள். வாரத்துக்கு இரண்டு காட்சிக்கு மேல் வேண்டாம். கரண்ட் வரும் நேரத்தில் காட்சியை இறக்கி ஒலியை மட்டும் தனியாகச் சேமித்துக்கொண்டால் மின்வெட்டிலும் பஸ்ஸிலும் கேட்கலாம். காதில் விழுவது அகராதியில் இல்லையென்றால் அது சுருங்கிய வடிவமாக இருக்கும். ‘ஆனால்’ என்பதற்கு எழுத்தில் ‘குரொந்தே’, பேச்சில் ‘குந்தே’.

அரசர் காலத் தொடர்களை ரசியுங்கள், வசனம் எடுக்காதீர்கள். ‘ஜொன்ஹா’ என்று கூப்பிட இன்று அங்கே அரசர் இல்லை.

வட்டார வழக்குக்கு முன்னால் ஸ்லாங். ‘ரன்னிங் மேன்’ போன்ற நிகழ்ச்சிகளில் திரையிலேயே கொரிய எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். வாசிக்க நல்ல பயிற்சிதான், ஆனால் அது பேச்சின் நேர்ப்பதிவு அல்ல. பாதி கேலிக் குறிப்பு. ஸ்லாங் பெரும்பாலும் வெட்டி ஒட்டியது: சிக்கன், ‘மெக்ஜு’ என்ற பியர் சேர்ந்து ‘சிமெக்’, தனியாக என்ற ‘ஹொன்ஜா’வும் சோறு என்ற ‘பப்’பும் சேர்ந்து ‘ஹொன்பப்’. முதலெழுத்தைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் புதுச் சொல்லும் புரியும். சாப்பாட்டுக் கடைக்காரம்மா கூடுதல் தட்டு வைத்து ‘ஸொபிஸு’ என்றால் அது இலவசம், காசு கேட்க மாட்டார். ‘தெபக்’ அட்டகாசம், ‘ஹொல்’ ஐயையோ, ‘நோஜெம்’ சப்பென்று இருக்கிறது. ‘க்கொன்தே’ என்றால் எதற்கெடுத்தாலும் புத்தி சொல்லும் பெரிசு. புரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், யாரையும் அப்படிச் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகளில், வெவ்வேறு வயதுக்காரர் வாயில் கேட்ட சொல்லைத்தான் நான் நம்புவேன். ஒரே நகைச்சுவைக்காரரின் சொல் அடுத்த வருஷம் பழசாகிவிடும்.

கிம்ஹே, சாங்வொன் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் பூசான் கதைத் தொடர் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். அது க்யொங்ஸாங் வட்டாரம், வசனத்தின் வாலே வேறு. ஆமா இல்லை என்று பதில் வரும் கேள்வி ‘னா’வில் முடியும்: ‘பப் முகொன்னா?’ எங்கே, என்ன என்று கேட்டால் ‘னோ’: ‘ஒதி கானோ?’