உப்பு காய்வதில்லை

மார்ச் 2

காலையில் படகைக் கரையேற்றிச் சரிவை விட்டு மேலே வரும்போது டிரெய்லரின் இடது பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். கல் ஏதாவது அடித்திருக்கும் என்றான் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தால் டயர் மட்கார்டை உரசிக்கொண்டு நிற்கிறது. படகைத் திரும்பத் தண்ணீரில் இறக்கிக் கட்டிவிட்டு, வெறும் டிரெய்லரை வேறு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

ஜாக்கி போட்டுத் தூக்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பாரத்தைத் தாங்கும் வில் தகடுகளின் அடுக்கான கமான் பட்டையில் மெயின் பட்டை, நுனி வளையமான ‘கண்ணு’க்குப் பக்கத்தில் முறிந்திருக்கிறது. முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுத்த பழைய துரு. மிச்சம் கொஞ்சம்தான் பளிச்சென்ற புது இரும்பு. எத்தனை மாதமாக அந்த மிச்சத்தை நம்பி ஓட்டியிருக்கிறோம்! வேகமாகப் போகும்போது முறிந்திருந்தால் பின்னால் வந்தவர்கள் கதி என்ன? இரவு முழுக்க அதே நினைப்பு.

இனி இந்த டிரெய்லருக்குச் செய்வதையெல்லாம் தேதி போட்டு எழுதப் போகிறேன்.

மார்ச் 3

பட்டையைக் கழற்ற, அதை அச்சோடு இறுக்கும் யு-போல்ட்களைத் திருகினேன். ஒன்றுகூட அசையவில்லை. எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தும் பயனில்லை. கடைசியில் கிரைண்டரால் அறுத்தேன்.

பட்டைகளைப் பிரித்தபோது இடையிலிருந்து துரு செதில் செதிலாக, அடுக்குக் கலையாமல் வந்தது. இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே அப்படி வளர்ந்தால் தகடுகளையே நெம்பிப் பிரித்துவிடும். போன வருடமே பட்டைகள் லேசாக விரிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதைத்தான் நான் படிக்கத் தவறியிருக்கிறேன்.

மார்ச் 5

ஒவ்வொரு முறையும் கடலிலிருந்து வந்ததும் குழாய் பிடித்துக் கழுவத்தான் செய்தோம். பிறகு ஏன் இப்படி? இன்று டிரெய்லர் அடியில் படுத்து, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். குறுக்குச் சட்டம் பெட்டிக் குழாய். அதன் திறந்த முனைக்குள் விரலை விட்டுத் துழாவி நாக்கில் வைத்தேன். கரித்தது. கடலில் இறக்கி மூன்று நாள் ஆகிறது, கழுவியும் ஆயிற்று. விரலில் ஒட்டிய மண்ணில் ஈரம் இருந்தது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். தங்கியது சும்மா இருப்பதில்லை. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் அளவுக்கு ஏறினாலே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துகொள்ளும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். அதாவது நமக்கு உலர்ந்த நாளாகத் தெரியும் அன்றும் அந்தக் குழாய்க்குள் ஒரு உப்புக் குழம்பு இரும்பை ஒட்டிக்கொண்டே இருக்கும். டிரெய்லர் கடலுக்குள் நிற்பது ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். வீட்டில் நிற்பது இரண்டு வாரம். இரும்பு கரைந்ததெல்லாம் இந்த இரண்டு வாரத்தில்.

நான் கழுவியது கண்ணுக்குத் தெரியும் இடங்களை மட்டும்.

மார்ச் 8

சுத்தியல் சோதனை. நல்ல இரும்பு ‘கணீர்’ என்கிறது, நோயுற்ற இரும்பு ‘பொத்’ என்கிறது. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தின் அடியில் ‘பொத்’. திருப்புளியால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. மேலே பெயின்ட் அப்படியே இருக்கிறது. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை கிடையாது. உள்ளே நின்ற தண்ணீர் உள்ளிருந்தே தின்றிருக்கிறது.

தம்பி, தகடு வைத்துப் பற்றவைத்துப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெயின்ட் என்பது ஒரு திரை. ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியாகத் துரு நுழைந்து திரைக்குப் பின்னால் பரவும். துத்தநாகம் அப்படியில்லை. கீறல் விழுந்தாலும் பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும். உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் இந்தக் கால்வனைஸ் முறைக்கு 1837இல் பிரான்சில் சோரெல் என்பவர் காப்புரிமை வாங்கினார். இன்றும் கடலுக்குப் போகும் சட்டத்துக்கு இதைவிட எளிய நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தை முழுவதும் கழற்றி, கெட்ட துண்டை வெட்டிப் புதிது வைத்து, கால்வனைஸுக்கு அனுப்புவது என்று முடிவு.

மார்ச் 12

வெல்டிங் எல்லாம் இன்றே முடித்துவிட்டோம். விளக்குக்கான கொக்கி, வயர் போகும் வளையம் வரை எதையும் பாக்கி வைக்கவில்லை. கால்வனைஸ் ஆன பிறகு பற்றவைத்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும், கிளம்பும் துத்தநாகப் புகையும் மூச்சுக்குக் கெடுதல்.

ஒவ்வொரு பெட்டிக் குழாயிலும் இரண்டு முனையிலும் ஓட்டை போட்டாயிற்று. இது மிக முக்கியம். தொட்டியில் துத்தநாகம் சுமார் 450 டிகிரியில் உருகிய குழம்பாக இருக்கும். முழுக்க மூடிய குழாயை அதில் முக்கினால் உள்ளே சிக்கிய காற்றும் ஈரமும் வெடித்துவிடும். அதே ஓட்டைகள்தான் பிறகு கடல்நீர் வடியவும், நல்ல தண்ணீரைப் பீய்ச்சவும் வழி.

மார்ச் 22

சட்டம் வந்துவிட்டது. பூப்பூவாக மின்னும் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்க்கவே நிறைவாக இருக்கிறது. கனமான இரும்பில் இந்தப் பூச்சு சராசரியாக 85 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மெல்லிய தோல்தான் இனி வருடக்கணக்கில் காக்க வேண்டும். மூடிக் கட்டாமல் காற்றோட்டமாக வைத்திருக்கிறேன். புதுப் பூச்சு ஈரத்தோடு காற்றில்லாமல் அடைந்து கிடந்தால் வெள்ளைத் துரு கிளம்பும்.

மார்ச் 23

போல்ட் விஷயத்தில் பாதி நாள் போயிற்று. ஸ்டெயின்லெஸ் போடலாம், துருவே பிடிக்காது என்றான் தம்பி. போல்ட்டுக்கு எளிதில் பிடிக்காது, சரி. ஆனால் உப்புநீர் நடுவில் வந்தால் ஸ்டெயின்லெஸ் தன்னை ஒட்டியிருக்கும் துத்தநாகத்தைக் கரைக்கும். அதனால் சட்டத்துக்கு எல்லாமே கால்வனைஸ் போல்ட். அலுமினியப் பாகம் இரண்டே இரண்டு, அங்கு மட்டும் ஸ்டெயின்லெஸ், நடுவில் நைலான் வாஷர்.

அப்புறம் இன்னொரு யோசனை சொன்னான். கப்பலின் அடியில் வைப்பது போல ஒரு துத்தநாகக் கட்டியை டிரெய்லரில் பொருத்தினால் என்ன? நல்ல கேள்விதான். ஹம்ஃப்ரி டேவி 1824இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்க இப்படித்தான் துத்தநாகத்தையும் இரும்பையும் வைத்துப் பார்த்தார். செம்பு அரிப்பது நின்றது. (செம்பு கரையாமல் போனதால் அதன் மேல் சிப்பியும் பாசியும் ஏறியது வேறு கதை.) ஆனால் கப்பல் எப்போதும் தண்ணீரில் இருக்கிறது. கட்டிக்கும் இரும்புக்கும் நடுவே கடலே பாலமாக நிற்கிறது. கரையில் நிற்கும் டிரெய்லருக்கு அந்தப் பாலம் ஏது? ஒரு மூலையில் வைத்த கட்டி மறுமூலையில் உள்ள இரும்பை எட்டாது. பேட்டரியில் மாட்டினால் காருக்குத் துருவே வராது என்று விற்கும் மின்பெட்டிகளுக்கும் இதே பதில். மேலெல்லாம் பூசிய துத்தநாகம் வேலை செய்வது, கீறலுக்கு ஒட்டினாற்போலவே அது இருப்பதால்.

மார்ச் 25

சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் கூடுகளை, அதாவது ஹப்களைத் திறந்தேன். வலது பக்கம் கிரீஸ் பாலில் கரைத்த மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் புகுந்த அடையாளம். பேரிங் உருளைகளில் புள்ளி புள்ளியாக அரிப்பு.

காரணம் நாங்களேதான். தூரத்திலிருந்து இழுத்து வந்தால் ஹப் சூடாக இருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீல் வழியாகக் கடல்நீரை உறிஞ்சும். சரிவுக்குப் போனதும் அவசரப்படாமல், ஹப்பில் கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் படகில் சாமான் ஏற்றலாம், கட்டுகளைச் சரிபார்க்கலாம்.

இரண்டு பக்கமும் புது பேரிங், புது சீல், கடலுக்கான கிரீஸ். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் சுத்தமாகக் கழுவி உலர்த்திய பிறகே புதியதை அடைத்தேன். இருவேறு வகை கிரீஸ் கலந்தால் சில நேரம் இளகி ஓடிவிடும்.

மார்ச் 27

விளக்கு வயர்கள். முன்பு எர்த் சட்டத்தின் வழியாகவே இருந்தது. துரு வந்ததும் விளக்கு மினுக்க ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம். இப்போது தனி எர்த் வயர், ஈயம் பூசிய செம்புக் கம்பி, இணைப்புகளில் உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாய்.

ஏப்ரல் 6

புதுப்பித்த டிரெய்லரில் முதல் நாள்.

ஹப் ஆறும் வரை நின்றோம். விளக்குப் பிளக்கைக் கழற்றினேன். படகு மிதக்கும் அளவுக்கு மட்டும் பின்னால் இறக்கினோம், ஜீப்பின் பின்சக்கரம் நனையவில்லை. முன்பெல்லாம் அச்சு முழுகும் வரை இறக்குவோம். படகை இழுத்தேற்றும் வின்ச்சில் நாலு சுற்றுச் சுற்ற அலுப்புப்பட்டு வண்டியை உப்பில் முக்கியதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கழுவுவது. அழுத்தமாகப் பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம், அது சீல்களைத் தாண்டி உப்பையும் மண்ணையும் உள்ளே தள்ளும். சாதாரணக் குழாய், நிறையத் தண்ணீர், நிறைய நேரம். குழாயை ஒவ்வொரு ஓட்டையிலும் செருகி, மறுமுனையில் கலங்காத தண்ணீர் வரும் வரை விட்டேன். பட்டைகளின் இடுக்கு, யு-போல்ட் அடி, சங்கிலி, வின்ச். பிறகு மூக்குப் பக்கத்தைத் தூக்கி வைத்து வடியவிட்டேன்.

உலர்ந்ததும் கமான் பட்டைகளில் லேனோலின் எண்ணெய். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு இது. மெழுகு போல ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் எளிதில் அடித்துப் போகாது. சட்டத்துக்குக் கால்வனைஸ் இருக்கிறது, பட்டைகளுக்கு இதுதான் துணை.

ஏப்ரல் 13

இன்று ஜீப்பின் முறை. அடியில் ரப்பர் பூச்சு அடித்திருந்தது. ஒரு இடத்தில் விளிம்பு தூக்கியிருந்தது. இழுத்தால் உள்ளங்கை அகலத்துக்குத் தோலாக உரிந்து வந்தது, அடியில் செம்மண் நிறத்தில் துரு. விரிசல் வழியாகப் போன உப்புநீர் வெளியே வர வழியில்லாமல் அதற்குள் வாழ்ந்திருக்கிறது. கண்ணுக்கு அழகாக மூடியிருப்பதை நான் இனி நம்பமாட்டேன்.

தளர்ந்ததை எல்லாம் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, பிறகு உப்புத்தாள். பாஸ்பாரிக் அமிலத் துருமாற்றி தடவினேன். அது மிச்சத் துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிக் கறுப்பாக்கும். உதிரும் செதிலின் மேல் தடவினால் வீண், கெட்டியாக ஒட்டியிருக்கும் மெல்லிய துருவுக்கே அது உதவும். மேலே பிரைமர், பெயின்ட். சேஸ் குழாய்களுக்குள்ளும் கதவுகளின் அடி மடிப்பிலும் நீளக் குழலால் மெழுகு பீய்ச்சினேன். கதவின் வடிகால் ஓட்டைகளை முதலில் ஈர்க்குச்சியால் குத்தித் திறந்து, பீய்ச்சிய பிறகும் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். பிரேக் டிஸ்க்கிலும் புகைக்குழாயிலும் ஒரு துளியும் படக்கூடாது என்று பிளாஸ்டிக் சுற்றியிருந்தேன்.

உப்பு இருக்கும்போதே மேலே எண்ணெய் அடிக்கக் கூடாது. உப்பைப் பூட்டிவைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் கழுவி இரண்டு நாள் உலர்த்தியே இதைச் செய்தேன்.

மே 18

ஆறு முறை கடலுக்குப் போய்வந்தாயிற்று. இன்று மறுபடி அடியில் படுத்தேன்.

சங்கிலி உரசிய இடத்தில் பூச்சு தேய்ந்து வெள்ளைப் பொடி. தேய்த்துச் சுத்தம் செய்து துத்தநாகப் பெயின்ட் வைத்தேன். ஹப்பில் கிரீஸ் தேன் நிறத்திலேயே இருக்கிறது. வலது பட்டை நுனியில் எண்ணெய் போய் லேசான சிவப்பு, துடைத்துத் திரும்பப் பூசினேன். குறுக்குச் சட்டத்துக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். மண் ருசி மட்டும்.

எழுந்திருக்கும்போது கை, படகு உட்காரும் மரக்கட்டையின் கார்பெட்டில் பட்டது. நேற்றுக் கழுவியது, இன்னும் சொதசொதவென்று இருக்கிறது. அதையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். நன்றாகக் கரித்தது. கட்டையைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கிகள் எல்லாம் அந்த ஈரத்துக்கு நேர் கீழே. செம்பு மருந்து ஏற்றிய மரமாக இருந்தால் அதுவும் சேர்ந்து துத்தநாகத்தை அரிக்கும்.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் விரல் வைத்து ருசி பார்த்தான். நாளை காலை கார்பெட்டை உரிக்கிறோம்.